மேட்டை வெட்டி எழும் வீடுகள்: நீலகிரியின் மண்ணும் கட்டட விதிகளும்

2024 பிப்ரவரி 7 அன்று, ஊட்டியை அடுத்த லவ்டேல் காந்திநகரில் வீடு கட்டும் இடமொன்றில், தடுப்புச் சுவருக்காக வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மீது மேட்டு மண் சரிந்தது. மேட்டின் விளிம்பில் நின்றிருந்த பழைய பொதுக் கழிப்பறைக் கட்டடமும் மண்ணோடு சேர்ந்து விழுந்தது. ஆறு பெண்கள் இறந்தார்கள். கூலிக்குச் சித்தாள் வேலை பார்க்க வந்தவர்கள் அவர்கள். அடுத்த மாதமே ஊட்டியில் வேறொரு கட்டுமான இடத்தில் மண் சரிந்து இன்னொரு தொழிலாளி உயிரிழந்தார்.

நீலகிரி என்றதும் நிலச்சரிவும், நிலச்சரிவு என்றதும் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த இரண்டு விபத்துகளும் மழைக்காலம் முடிந்த பிறகு நடந்தவை. வானிலை எச்சரிக்கை எதுவும் இவர்களைக் காப்பாற்றியிருக்காது. இவர்களைக் கொன்றது செங்குத்தாக வெட்டி, தாங்கல் கொடுக்காமல் நிறுத்தி வைக்கப்பட்ட மண். அந்த மண் எப்படிப்பட்டது, அது ஏன் வெட்டிய கணத்தில் விழாமல் நின்று நம்ப வைத்துப் பிறகு விழுகிறது, மாவட்டத்தின் நிலப் பயன்பாட்டு விதிகள் அதை எந்த அளவுக்குக் கணக்கில் எடுக்கின்றன என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வு.

பாறைக்கும் புல்லுக்கும் இடையில்

நீலகிரி மேட்டுநிலத்தின் அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் மிகப் பழைய, மிகக் கடினமான பாறை. சென்னையில் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருப்பதும் இதே வகைதான். மக்காத சார்னோகைட்டின் மீது எத்தனை மாடி கட்டினாலும் அஸ்திவாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் நீலகிரியில் வீடு கட்டுகிறவர்களில் மிகச் சிலருக்கே அந்தப் பாறை கிடைக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையும் வெப்பமும் ஊறி, அந்தப் பாறை மேலிருந்து கீழாக மக்கிப்போயிருக்கிறது. மக்கிய அடுக்கின் தடிமன் சில இடங்களில் ஒரு மீட்டர்கூட இருக்காது. சில இடங்களில் 40 மீட்டர் வரை போகும். அடுத்தடுத்த இரண்டு மனைகளிலேயே இந்த வேறுபாடு இருக்கலாம். கட்டுகிறவருக்கு வெளியிலிருந்து இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்: மேலே புல், தேயிலை அல்லது கேரட் பாத்தி.

குன்னூர்ச் சாலையிலோ கோத்தகிரிச் சாலையிலோ புதிதாக வெட்டிய மேடு ஒன்றின் முன் நின்று பார்த்தால் இந்த அடுக்குகளைக் கண்ணாலேயே படிக்கலாம். உச்சியில் அரை மீட்டர் அளவுக்குக் கருமண். இலை மக்கிச் சேர்ந்தது, வேர்கள் பின்னியது. அதற்குக் கீழே செம்பழுப்பு நிறத்தில் களி கலந்த மண். நாம் செம்மண் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது இதைத்தான். அதற்கும் கீழே வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று நிறம் கலந்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிரும் அடுக்கு வரும். புவியியலாளர்கள் லித்தோமார்ஜ் என்று அழைக்கும் இந்த அடுக்கில்தான் பெரும்பாலான ஆபத்து இருக்கிறது. பாறையில் இருந்த தாதுக்கள் சீனக்களிமண்ணாக மாறிவிட்டன. ஆனால் பாறையில் இருந்த பழைய வெடிப்புகளும் விரிசல்களும் அப்படியே இதற்குள் தங்கியிருக்கின்றன. அந்த விரிசல்கள் சாலைப் பக்கமாகச் சாய்ந்திருந்தால், மேடு எந்த வழியாகச் சறுக்கும் என்பது வெட்டும் முன்பே தீர்மானமாகிவிட்டது என்று பொருள்.

இந்த அடுக்குக்குள் ஆங்காங்கே மக்காமல் தங்கிவிட்ட உருண்டைப் பாறைகள் புதைந்திருக்கும். வெங்காயத்தைப்போலத் தோல் தோலாக உரிந்துகொண்டே, நடுவில் இறுகிய கல்லாக இருப்பவை. சில, ஒரு லாரி அளவுக்குப் பெரியவை. மண் பரிசோதனைக்குத் துளையிடும்போது இந்தக் கற்கள் பெரும் ஏமாற்று வேலை செய்கின்றன. நான்கு மீட்டர் ஆழத்தில் துளைக் கருவி கல்லில் முட்டியதும், ‘பாறை வந்துவிட்டது’ என்று வேலையை நிறுத்திவிடுகிறார்கள். அது அடிப்பாறையா, மண்ணில் மிதக்கும் உருண்டைக் கல்லா என்று அறிய, கல்லுக்குள் மேலும் சில மீட்டராவது துளைத்துப் பார்க்க வேண்டும். செலவு கூடும் என்பதால் அது அடிக்கடி தவிர்க்கப்படுகிறது. விளைவு, வீட்டின் ஒரு மூலை கல்லின் மீதும் மறுமூலை களியின் மீதும் உட்காருகிறது. இரண்டாவது மழைக்காலத்துக்குள் சுவரில் குறுக்காக விரிசல் ஓடுகிறது. கட்டிய மேஸ்திரியைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் துளை போட்டவரிடமும், போடாமலே விட்டவரிடமும்தான் இருக்கிறது.

மழை வந்த ஆண்டுகள்

1978 நவம்பரில் பெய்த மழையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் நூறு அளவுக்குச் சரிவுகள் ஏற்பட்டன. இந்திய நிலப் பொதியியல் ஆய்வுத் துறை (ஜிஎஸ்ஐ) நீலகிரியை முறையாக ஆராயத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1993 நவம்பரில் குன்னூருக்கும் பர்லியாறுக்கும் இடையே மரப்பாலம் பகுதியில் மலை சரிந்து, மேட்டுப்பாளையம் சாலையையும் மலை ரயில் பாதையையும் துண்டித்தது. உயிர்ச்சேதமும் பெரிது.

2009 நவம்பர்தான் மாவட்டத்தின் நினைவில் ஆறாத புண். நவம்பர் 10 அன்று கேத்தியில் பதிவான 24 மணி நேர மழை 820 மில்லிமீட்டர். சென்னைக்கு ஓராண்டு முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையில் பாதிக்கும் அதிகம் இது. ஊட்டி, குன்னூர், கேத்தி, கோத்தகிரி வட்டாரத்தில் சில நாள்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரிவுகள் பதிவாயின. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அச்சனக்கல் போன்ற இடங்களில் குடும்பத்தோடு மண்ணுக்குள் போனவர்கள் உண்டு. இதில் நாம் கவனிக்க வேண்டியது சரிவுகளின் அளவு. மலை முழுதும் பெயர்ந்து வந்தவை குறைவு. பெரும்பாலானவை சிறியவை, ஆழமில்லாதவை. சாலைக்காகவோ வீட்டுக்காகவோ ரயில் பாதைக்காகவோ மனிதர்கள் முன்பே வெட்டி வைத்திருந்த மேடுகளில் நடந்தவை. ஒரு வீட்டின் பின்சுவரை உடைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் வர சில லாரி மண் போதும்.

2019 ஆகஸ்டில் மேற்குப் பக்கம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் பெய்தது. கேத்தியைவிட அதிகம். அங்கும் காட்டிலும் புல்வெளியிலும் சரிவுகள் வாய் பிளந்தன. ஆனால் கேத்திப் பள்ளத்தாக்கில் நேர்ந்ததுபோன்ற உயிரிழப்பு இல்லை. காரணம் எளிமையானது. அந்தச் சரிவுகளில் வீடுகள் அதிகமில்லை. வீட்டுக்காக வெட்டிய மேடுகளும் இல்லை. மண் ஒன்றுதான், மழையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதன் மேல் நாம் எதை வைத்தோம் என்பதில்தான் வேறுபாடு.

வெட்டு ஏன் நிற்கிறது, ஏன் விழுகிறது

மலையில் மனை வாங்கியவருக்கு முதல் தேவை சமதளம். சரிவில் சமதளம் வேண்டுமென்றால் மேல்பக்கம் வெட்டி, கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்ப வேண்டும். வெட்டிய பக்கம் செங்குத்தாக இருந்தால் இடம் மிச்சம். மூன்று சென்ட் மனையில் ஓர் அடி இடம்கூடப் பணம். அதனால் வெட்டு செங்குத்தாகவே இருக்கிறது. ஒரே நாளில் பொக்லைன் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. மேடு அப்படியே நிற்கிறது, வாரக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம்கூட. ‘நம்ம மண் கெட்டி’ என்று வீட்டுக்காரரும் மேஸ்திரியும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

செங்குத்து வெட்டு எவ்வளவு உயரம் தானாக நிற்கும் என்பதற்கு மண் இயந்திரவியலில் பழைய கணக்கு ஒன்று உண்டு. மண் துகள்களுக்கு இடையிலான பிணைப்பு, மண்ணின் எடை, உராய்வுக் கோணம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். எடுத்துக்காட்டுக்காக, காய்ந்த நிலையில் பிணைப்பு 15 கிலோபாஸ்கல், எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 25 பாகை என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 5.2 மீட்டர் உயரம் வரை வெட்டு நிற்கும். பதினேழு அடி. இனி அதே மண்ணில் பிணைப்பு மட்டும் 5 கிலோபாஸ்கலாகக் குறைகிறது என்று கொண்டால், நிற்கும் உயரம் 1.7 மீட்டர். ஏறத்தாழ ஓர் ஆள் உயரம்தான்.

பிணைப்பு ஏன் அப்படிக் குறைகிறது? அரைகுறையாக ஈரமுள்ள மண்ணில், துகள்களுக்கு இடையே இருக்கும் கொஞ்ச நீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. நாம் காணும் ‘கெட்டி’யில் பெரும்பகுதி இந்த இழுவிசைதான். மண்ணில் நீர் நிறைந்ததும் அந்த இழுவிசை காணாமல் போகிறது. அதற்கும் மேல் நீர் சேர்ந்தால், துளைகளில் உள்ள நீரின் அழுத்தம் துகள்களைப் பிரிக்கத் தொடங்கும். மேலேயுள்ள செம்மண் வழியாக இறங்கும் மழைநீர், நீர் எளிதில் புகாத களி அடுக்கைத் தொட்டதும் அங்கே தேங்குகிறது. மேட்டின் பாதி உயரத்தில் ஈரக்கோடு ஒன்று ஓடுவதையும், அங்கிருந்து நீர் கசிவதையும் பார்க்கலாம். அந்தக் கோடுதான் பல சரிவுகளின் தொடக்கப் புள்ளி.

இனி வறண்ட மாதத்துக்கு வருவோம். மழையில்லாமலும் மேடு விழ இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, உச்சியில் உருவாகும் வெடிப்பு. மண் வெட்டப்பட்டதும் மேடு முன்பக்கம் மிக மெல்ல நகர, விளிம்பிலிருந்து ஓரிரு மீட்டர் பின்னால் தரையில் வெடிப்பு விழும். அந்த வெடிப்பு ஆழமாகிவிட்டால், நான் மேலே சொன்ன 5.2 மீட்டர் ஏறத்தாழ 3.5 மீட்டராகக் குறையும். ஒரு சொட்டு மழை இல்லாமல். இரண்டாவது, விளிம்பின் மேல் இருக்கும் பாரம். பழைய கட்டடம், செங்கல் அடுக்கு, ஜல்லிக் குவியல், லாரி எதுவாகவும் இருக்கலாம். 20 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு டன், அழுத்தினாலே நிற்கும் உயரத்திலிருந்து இன்னும் 1.1 மீட்டர் குறைந்துவிடும். இவை இரண்டும் சேர்ந்த இடத்தில், எட்டு அடி வெட்டுகூடப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. இந்தக் கணக்கில் பாதுகாப்புக் காரணி எதையும் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் இறங்கும்.

லவ்டேலில் வெட்டுக்கு மேலே பழைய கட்டடம் ஒன்று நின்றது. வெட்டுக்குக் கீழே ஆட்கள் நின்றார்கள். அங்கே இருந்த மண்ணின் எண்கள் என் கையில் இல்லாவிட்டாலும், அந்த அமைப்பே தவறு என்பதைச் சொல்ல எண்கள் தேவையில்லை.

சுவரும் நீரும், மேல் வீடும் கீழ் வீடும்

தடுப்புச் சுவர் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். மூன்று மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் காய்ந்த மண் தரும் தள்ளுவிசை, நடுத்தர மண்ணுக்கு, ஏறத்தாழ 2.7 டன். சுவருக்குப் பின்னால் மேல்வரை நீர் நிறைந்துவிட்டால் அது 6 டன்னுக்கு அருகில் போய்விடும். இரண்டு மடங்குக்கும் அதிகம். காய்ந்த மண்ணுக்குக் கணக்கிட்ட கருங்கல் சுவர், நீர் வடிய வழியில்லாவிட்டால், மழையன்று தானே இடிந்து கூடவே தன் எடையையும் சேர்த்து விழும். மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கு ஐஎஸ் 14458 என்ற இந்தியத் தர நெறிமுறை 1990களிலிருந்தே இருக்கிறது. சுவருக்குப் பின்னால் ஜல்லி அடுக்கு, சுவரில் வரிசையாக நீர்வடி துளைகள், உச்சியில் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் ஆகியவைதான் சுவரின் உயிர். இவற்றில் துளை மட்டும் பெயருக்கு இருக்கும். பின்னால் ஜல்லி இல்லாமல் களிமண்ணையே திணித்திருப்பார்கள். ஒரே மழைக்காலத்தில் துளை அடைத்துக்கொள்ளும்.

இதைவிடக் கவனிக்கப்படாத ஒன்று கழிவுநீர். மலைச் சரிவில் வீடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிப்படியாக நிற்கின்றன. பாதாளச் சாக்கடை இல்லாத பகுதிகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உறிஞ்சுகுழி. மேல் வீட்டின் குளியலறை நீரும் கழிப்பறை நீரும், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டு முழுதும் கீழ் வீட்டின் வெட்டு மேட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. சமவெளியில் உறிஞ்சுகுழி நல்ல ஏற்பாடு. நிலத்தடி நீர் ஊறும். லித்தோமார்ஜ் களி மேல் அமைந்த சரிவில் அதே ஏற்பாடு கீழ் வீட்டுக்காரரின் பின்சுவருக்குக் கேடு. தரையைப் பார்க்காமல் எல்லா ஊருக்கும் ஒரே விதியை எழுதினால் இப்படித்தான் ஆகும்.

பழைய ஊர்கள் எங்கே அமைந்தன என்பதையும் பார்க்க வேண்டும். படுகர்களின் பழைய ஊர்களான ஹட்டிகள் பெரும்பாலும் தாழ்ந்த குன்றுகளின் தோளிலும் மேட்டிலும் அமைந்தவை. நீர் இரு பக்கமும் வழிந்து போய்விடும் இடங்கள் அவை. சதுப்பும் ஓடையும் உள்ள பள்ளங்களை மாட்டுக்கும் தண்ணீருக்கும் விட்டுவைத்தார்கள். ஊட்டி நகரம் வளர்ந்தபோது இந்தப் பகுப்பு போய்விட்டது. 1820களில் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஊட்டி ஏரியின் ஒரு பகுதி பின்னாளில் நிரப்பப்பட்டு, அதன் மேல் குதிரைப் பந்தய மைதானமும் பஸ் நிலையமும் வந்தன. பெருமழையில் அந்தப் பக்கம் நீர் தேங்குவதில் வியப்படைய எதுவுமில்லை. மேடு சரிவதும் பள்ளம் நிறைவதும் ஒரே நிலப் பயன்பாட்டுப் பிழையின் இரு முகங்கள்.

விதிகள் எதை அளக்கின்றன

நீலகிரியில் விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அலுவலகங்களில் ஹாகா என்று வழங்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் அமைக்கப்பட்டது. மலை நகரங்களுக்கான கட்டட விதிகள் 1993இல் வந்தன. கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. மனைப் பிரிவுக்கு வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்று கேட்கிறார்கள். பொக்லைன் கொண்டு மண் எடுக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் அபாயமுள்ள 283 இடங்களின் பட்டியல் எடுத்து வைக்கப்பட்டு, அதிகாரிகள் நியமிக்கப்படுகிறார்கள். இவற்றுக்குப் பின்னால் உண்மையான அக்கறை இருக்கிறது. நிலச்சரிவைப் பற்றி இந்த அளவுக்கு யோசித்திருக்கும் மாவட்டம் தமிழ்நாட்டில் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. விதி கட்டடத்தை அளக்கிறது. கட்டடத்துக்காக வெட்டிய மேட்டை அந்தக் கண்ணோடு அளப்பதில்லை. 7 மீட்டர் உயர வரம்புக்குள் அடங்கிய, பரப்பு வரம்புக்கும் அடங்கிய, எல்லாச் சான்றும் பெற்ற ஒரு வீட்டின் பின்னால் 5 மீட்டர் செங்குத்து வெட்டு இருக்கலாம். வரைபடத்தில் வீடு மட்டும் இருக்கும், வெட்டு இருக்காது. ஒரு வீட்டின் உயரத்தைக் குறைத்தால் அதன் எடை கொஞ்சம் குறையும், பள்ளத்தாக்கின் அழகு காப்பாற்றப்படும். ஆனால் மண்ணின் நிலைப்புக்கு இரண்டு மாடிக்கும் மூன்று மாடிக்கும் உள்ள வேறுபாட்டைவிட, வெட்டு இரண்டு மீட்டரா ஐந்து மீட்டரா என்பது பல மடங்கு முக்கியம். மாடியைக் குறைக்கச் சொன்னதால், அதே அறைகளைத் தரைமட்டத்தில் விரித்துக் கட்டுகிறவர்கள் மலையை இன்னும் உள்ளே குடைகிறார்கள். இது யாரும் விரும்பிச் செய்த தீமை இல்லை என்பது உண்மை. அதற்காக அதை அப்படியே விட்டுவிட முடியாது.

வரைபடத்தின் அளவும் இன்னொரு சிக்கல். இந்திய நிலப் பொதியியல் ஆய்வுத் துறை 2014இல் தொடங்கிய நாடு தழுவிய நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் 1:50,000 அளவில் அமைந்தது. மிகப் பயனுள்ள பணி. ஒரு வட்டத்தில் எந்தச் சரிவு மோசம், புதுச் சாலை எந்தப் பக்கம் போகக் கூடாது என்று முடிவெடுக்க அது போதும். ஆனால் அந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் என்பது 500 மீட்டர். மூன்று சென்ட் மனையின் ஒரு பக்கம் அதில் கால் மில்லிமீட்டர்கூட வராது. ‘மிதமான வாய்ப்பு’ என்று பச்சையும் மஞ்சளுமாகத் தீட்டிய பகுதிக்குள், ஒரு தவறான வெட்டு ஓர் உயிரைப் பறிக்கும். அதேபோல, நிலப் பொதியியல் ஆய்வுத் துறை நீலகிரிக்கும் டார்ஜிலிங், கலிம்போங் மாவட்டங்களுக்கும் 2020 முதல் சோதனை அடிப்படையிலும், பிறகு முறைப்படியும் மழைக்கால நிலச்சரிவு முன்னறிவிப்பு தருகிறது. அதுவும் வட்டார அளவிலான, மழையை அடிப்படையாகக் கொண்ட எச்சரிக்கை. பிப்ரவரி மாதக் குழிக்கு அது பதில் ஆகாது.

நெடுஞ்சாலைகளில் வெட்டுகளுக்குள் இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, வலை போர்த்தி, அதன் மேல் புல் வளர்க்கும் சாயில் நெய்லிங் முறை சில இடங்களில் செய்யப்பட்டிருக்கிறது. பார்க்க நம்பிக்கை தருகிறது. அது சாலைக்கு. தனி வீட்டுக்காரருக்கு அந்தச் செலவு எட்டாது.

வேறிடங்கள் கற்றது

ஹாங்காங்கில் நீலகிரியைப் போலவே ஆழமாக மக்கிய பாறை. அங்கே கிரானைட்டும் எரிமலைப் பாறையும். 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு பெரும் சரிவுகளில் 138 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்று 12 மாடிக் குடியிருப்பு ஒன்றை அடித்துச் சாய்த்தது. 1976இல் மீண்டும் ஒரு சரிவில் 18 பேர். அதன் பிறகு 1977இல் மண் பொறியியலுக்கென்றே தனி அரசு அலுவலகம் அமைத்தார்கள். அந்த அலுவலகம் செய்த மிகப் பெரிய வேலை ஒரு பதிவேடு. மனிதர் உருவாக்கிய வெட்டு, கொட்டு மேடு, தடுப்புச் சுவர் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஏறத்தாழ 60,000 மேடுகள் அதில் இருக்கின்றன. மேட்டிலேயே எண் பலகை பதித்திருப்பார்கள். யார் பராமரிக்க வேண்டும் என்பதும் பதிவாகியிருக்கும். சரிவில் சாவோர் எண்ணிக்கை அங்கே எழுபதுகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. நீலகிரிக்கு ஹாங்காங்கின் பணம் இல்லை என்பார்கள். பதிவேட்டுக்குப் பணத்தைவிட முடிவுதான் வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியிலும் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட வெட்டுகளை நடந்து எண்ணி, கைபேசியில் இடம் குறித்துவைக்க ஒரு கோடைக்காலம் போதும் என்பது என் மதிப்பீடு.

இலங்கையில் மலைநாட்டு மாவட்டங்களில் வீடு கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலச்சரிவு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்ற முறை இருக்கிறது. ஒரு மனையை நேரில் வந்து பார்த்து எழுதும் அறிக்கை அது. ஆனால் 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலையகத் தமிழர்களின் லயன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) புதைந்ததை நாம் மறக்க முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று அதே நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. மக்களைக் குடியமர்த்த மாற்று நிலம் மட்டும் வரவில்லை. அறிக்கை எழுதுவதோடு வேலை முடியவில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

இது நீலகிரிக்கு நேராகப் பொருந்தும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் பல நீலகிரியின் தேயிலையை நம்பிக் குடியேறின. நல்ல சமநிலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. விலை குறைந்த செங்குத்துச் சரிவும் ஓடைக்கரையும்தான் கிடைத்தன. இன்று அபாயப் பட்டியலில் ஓர் இடம் சேர்க்கப்பட்டால், அங்கே இருப்பவருக்கு ஒவ்வொரு மழைக்கும் பள்ளிக்கூட முகாம். மழை நின்றதும் திரும்பவும் அதே வீடு. ‘ஏன் அங்கே கட்டினார்கள்’ என்று கேட்பவர்கள், எங்கே கட்டியிருக்க முடியும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்

முதலில், வீட்டு அனுமதி விண்ணப்பத்தோடு மனையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று கட்டாயமாக வேண்டும். மேல் வீட்டின் அடித்தளத்திலிருந்து கீழ் வீட்டின் கூரை வரை ஒரே கோட்டில் வரைந்த படம். அதில் வெட்டின் உயரம், மண் அடுக்கு, நீர் கசியும் இடம், மேல் வீட்டு உறிஞ்சுகுழி, வடிகால் போகும் வழி எல்லாம் இருக்க வேண்டும். இதை வரைகிறபோதே பாதிப் பிழைகள் கண்ணில் பட்டுவிடும். வெட்டு ஓர் உயரத்தைத் தாண்டினால் மண் பொறியாளர் கையெழுத்து. சிறு மனைக்காரருக்கு அந்தக் கட்டணத்தை உள்ளாட்சியே ஏற்க வேண்டும். பேரிடருக்குப் பின் தரும் இழப்பீட்டோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை அல்ல. உயர வரம்பைத் தளர்த்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு இணையாக வெட்டுக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்கிறேன்.

உறிஞ்சுகுழிக்கு மாற்றாக, சரிவில் நிற்கும் வீடுகளின் கழிவுநீரைக் குழாயில் சேர்த்து அடிவாரத்துக்குக் கொண்டுபோகும் சிறு பொதுக் கட்டமைப்பு தெருவுக்குத் தெரு வேண்டும். இதைத் தனி வீட்டுக்காரரிடம் விட முடியாது.

மிக அவசரமானது, வேலை நடக்கும் இடத்தின் பாதுகாப்பு. தடுப்புச் சுவர் கட்ட மேட்டின் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் தோண்டித் திறந்துவைக்கக் கூடாது. பத்தடி வெட்டி, அங்கே சுவரை எழுப்பி, பின்னால் ஜல்லி நிரப்பி முடித்த பிறகு, இடையில் பத்தடி விட்டு அடுத்த பகுதியைத் தொட வேண்டும். விட்ட பகுதிகளைக் கடைசியில் எடுக்கலாம். இரு பக்கமும் வெட்டப்படாத மண் நடுப்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். மேட்டு விளிம்பில் கட்டடமோ குவியலோ இருந்தால், அதை அகற்றும் வரை கீழே ஆள் இறங்கக் கூடாது. உச்சியில் புதிய வெடிப்பு இருக்கிறதா என்று தினமும் காலையில் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். இந்த முறையில் வேலை முடியக் கூடுதல் நாள்கள் ஆகும். அதற்கான கூலியை மதிப்பீட்டிலேயே தனி வரியாகக் காட்டினால்தான் அனுமதி என்று அலுவலகம் சொல்ல வேண்டும். காட்டாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம்.